வில்லில் சைட்: வகைகளும் சரிசெய்யும் முறையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல்முறை வில்லில் சைட் (குறிபார்க்க உதவும் கருவி) மாட்டுகிறவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வருகிற கேள்விகள் இவை. பதில்கள் பெரும்பாலும் ரிகர்வ் (நுனிகள் முன்னோக்கி வளைந்த வில்), காம்பவுண்ட் (நுனிகளில் கப்பி வைத்த வில்) இரண்டையும் மனதில் வைத்தவை. வலது கை, இடது கை என்று மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

சைட் மாட்டினால் அம்பு நேராகப் போகுமா?

போகாது. சைட் அம்பை ஒன்றும் செய்வதில்லை. ஒவ்வொரு தடவையும் வில்லை ஒரே கோணத்தில் பிடிக்க உங்கள் கண்ணுக்கு ஓர் அடையாளம் தருகிறது, அவ்வளவுதான். அம்புகள் தாளில் ஆளுக்கொரு மூலையில் விழுகின்றன என்றால் அது சைட்டின் பிரச்சினை இல்லை. ஆறு அம்பும் ஓரளவு கூடி ஒரே பக்கத்தில் விழுந்து, அந்த இடம் மட்டும் தவறாக இருந்தால்தான் சைட்டுக்கு வேலை. சிதறலைத் திருத்த சைட்டைத் திருகிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்தால், அவர்கள் கையிலிருக்கும் ஆலன் கீயை (அறுகோணத் திருகுச் சாவி) பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம் போல இருக்கும்.

ரிகர்வ் சைட்டும் காம்பவுண்ட் சைட்டும் எதில் வேறுபடுகின்றன?

உலக வில்வித்தை சம்மேளனத்தின் விதிப்படி ரிகர்வ் வில்லின் சைட்டில் லென்ஸ் கூடாது, ரசமட்டம் கூடாது, மின்சாரத்தில் இயங்கும் எதுவும் கூடாது, ஒன்றுக்கு மேற்பட்ட குறிப்புள்ளியும் கூடாது. நாணில் பீப்பும் (கண் வைத்துப் பார்க்கும் சிறு துளை) வைக்கக் கூடாது. ஆகவே அது எளிமையான பொருள்: முன்னால் நீளும் ஒரு பட்டை, அதில் மேலும் கீழும் ஓடும் ஒரு தண்டு, நுனியில் ஒரு வளையம் அல்லது புள்ளி.

காம்பவுண்டில் லென்ஸ் வைத்த ஸ்கோப், அதற்குள் ரசமட்டக் குமிழி, நாணில் பீப் எல்லாம் அனுமதி. மின்னணுப் பொருள் மட்டும் அதிலும் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வில் பக்கவாட்டில் சாய்ந்தால் அதிகம் அடிபடுவது ரிகர்வ்தான். அம்பு மெதுவாகப் போவதால் 70 மீட்டருக்கு அதை அதிகம் தூக்கி எய்ய வேண்டியிருக்கிறது. அப்படித் தூக்கிய அளவுதான் வில் சாயும்போது பக்கத்துக்குத் திரும்புகிறது. நொடிக்கு 55 மீட்டர் வேகத்தில் போகிற அம்புக்குக் கணக்குப் போட்டால், ஒரு டிகிரி சாய்வுக்கு 70 மீட்டரில் சுமார் 14 செ.மீ. விலகும். நொடிக்கு 90 மீட்டர் போகிற காம்பவுண்ட் அம்பு 50 மீட்டரில் அதே ஒரு டிகிரிக்கு 3 செ.மீ.கூட விலகாது. குமிழி கிடைப்பதோ காம்பவுண்டுக்கு. ரிகர்வ்காரர் தன் கண்ணையும் தோளையும்தான் நம்ப வேண்டும்.

மூங்கில் வில்லில் இந்தியன் ரவுண்ட் எய்து பழகியவன் நான். ரிகர்வுக்கு மாறியதும் சைட் குழப்புகிறது. ஏன்?

மூங்கில் வில்லில் சைட் கிடையாது. அம்பு நுனியை வைத்தோ, பழக்கத்தில் வந்த உணர்வை வைத்தோ குறி பார்த்திருப்பீர்கள். கண் இன்னும் அம்பு நுனியைத்தான் தேடும். நுனியும் வளையமும் இரண்டும் போட்டி போடுவதால் வரும் குழப்பம் இது. கொஞ்ச நாள் 10 மீட்டரில், டார்கெட் தாளைக் கழற்றிவிட்டு, வளையத்தை வெறும் வைக்கோல் பலகையின் நடுவில் வைத்து மட்டும் எய்யுங்கள். புள்ளி எண்ண ஆரம்பித்தால் பழைய வழி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

நாண் எங்கே தெரிகிறது என்பதையும் இப்போதே நிலைப்படுத்திக்கொள்ளுங்கள். முழுதாக இழுத்ததும் கண்ணுக்கு முன்னால் நாண் மங்கலான கோடாகத் தெரியும். அது வளையத்தின் ஓரமாகவோ ரைசரின் (வில்லின் நடுவே உள்ள கைப்பிடிப் பகுதி) உள்விளிம்பாகவோ, எங்கே இருந்தாலும் சரி, தினமும் அதே இடத்தில் இருக்க வேண்டும். ரிகர்வில் பின்பக்கக் குறிப்புள்ளி என்று உங்களுக்கு இருப்பது அந்த மங்கல் கோடு மட்டுமே.

ஆன்லைனில் ஐந்து பின் (குறிபார்க்கும் ஊசி) வைத்த சைட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

அது வேட்டைக்காக வடிவமைத்தது. அமெரிக்காவில் 20, 30, 40 கெஜம் என்று ஒவ்வொரு தொலைவுக்கும் ஒரு பின் வைத்துக்கொள்வார்கள். மான் நிற்கும்போது திருகிக்கொண்டிருக்க நேரமிருக்காது அல்லவா. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேட்டைக்கே இடமில்லை. ரிகர்வ் போட்டியில் ஒரே குறிப்புள்ளி என்ற விதியால் இந்த சைட் உள்ளேயே வராது. காம்பவுண்ட் வைத்துக்கொண்டு வீட்டுத் தோட்டத்தில் எய்கிறவர் என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

அதைச் சரிசெய்யும் வரிசை முக்கியம். மேலே உள்ள பின்தான் மிகக் கிட்டத்துத் தொலைவுக்கு. முதலில் சைட் முழுவதையும் நகர்த்தி அந்த ஒரு பின்னைச் சரிசெய்யுங்கள். பக்கவாட்டுச் சரிசெய்தலும் முழு சைட்டுக்கும் ஒரே தடவை. அப்புறம் மேல் பின்னைத் தொடாமல் கீழ் பின்களை ஒவ்வொன்றாக. வில் வேகமாக இருந்தால் பின்கள் நெருங்கி நிற்கும், மெதுவான வில்லில் விலகி நிற்கும். இந்த பின்களில் பல 0.019 அங்குல ஒளியிழை கொண்டவை. அதைவிடத் தடித்தது மங்கிய வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும், ஆனால் தூரத்து டார்கெட்டின் நடுவை மூடிவிடும்.

ஒரே பின்னை உருட்டி ஏற்றி இறக்கும் வகையும் உண்டு. ஒற்றைப் பின் என்பதால் கண் தடுமாறாது. என்னைக் கேட்டால் தொடங்குகிறவர்களுக்கு அதுவே நல்லது.

அம்பு இடப்பக்கம் விழுகிறது. சைட்டை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும்?

இடப்பக்கமே. அம்பு போன பக்கம் சைட் போக வேண்டும். மேலே விழுந்தால் சைட்டை மேலே, கீழே விழுந்தால் கீழே. இடது கை வில்லுக்கும் இதே விதிதான்.

தலைகீழாகத் தோன்றுவது இயல்பு. சைட்டை இடப்பக்கம் நகர்த்தினீர்கள், ஆனால் அதை டார்கெட்டின் நடுவில்தான் வைக்கப் போகிறீர்கள். அதற்காக வில் முழுவதையும் வலப்பக்கம் கொண்டுபோவீர்கள். அம்பும் வலப்பக்கம் வரும். இதை யோசித்துக்கொண்டே களத்தில் நிற்க வேண்டாம், விதியை மனப்பாடம் செய்துவிடுங்கள்.

எவ்வளவு நகர்த்துவது? சும்மா குத்துமதிப்பாகத் திருகுகிறேன்.

கணக்கு இருக்கிறது. முழுதாக இழுத்த நிலையில் கண்ணிலிருந்து வளையம் வரை உள்ள தூரத்தை நண்பரை விட்டு அளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 90 செ.மீ. அளவில் வரும். அம்புகள் விலகிய அளவை அந்தத் தூரத்தால் பெருக்கி, டார்கெட் தொலைவால் வகுத்தால் சைட் நகர வேண்டிய அளவு கிடைக்கும்.

30 மீட்டரில் அம்புகள் 10 செ.மீ. கீழே கூடியிருக்கின்றன என்று வையுங்கள். 10 செ.மீ. பெருக்கல் 0.9, வகுத்தல் 30: மூன்று மில்லிமீட்டர். சைட்டை அவ்வளவு கீழே இறக்க வேண்டும்.

இதையே திருப்பிப் போட்டால், சைட்டில் ஒரு மில்லிமீட்டர் என்பது 18 மீட்டரில் 2 செ.மீ. உள்ளரங்கின் 40 செ.மீ. தாளில் அது சரியாக ஒரு புள்ளி வளையத்தின் அகலம். 70 மீட்டரில் அதே ஒரு மில்லிமீட்டர் ஏறக்குறைய 7.8 செ.மீ.; 122 செ.மீ. தாளில் ஒரு வளையத்தின் அகலம் 6.1 செ.மீ.தான். ஆகவே தூரத்தில் பாதி மில்லிமீட்டர்கூடப் பெரிய விஷயம். உங்கள் சைட்டின் திருகு ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது, ஒரு சுற்றில் எத்தனை கிளிக் கேட்கிறது என்று ஒருமுறை அளந்து நோட்டில் எழுதிவையுங்கள். தயாரிப்புக்குத் தயாரிப்பு அது மாறும்.

புது சைட்டை முதல்முறை எப்படிச் சரிசெய்வது?

மாட்டும்போது ரைசரின் பக்கத்தில் உள்ள இரண்டு துளைகளில் திருகி இறுக்குங்கள். நாணை மாட்டிய வில்லைப் பின்னாலிருந்து பார்த்து, நாண், அம்பு, பின் மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் வருமாறு பக்கவாட்டை வையுங்கள். உயரத்தைத் தண்டின் மேல்பாதியில் எங்காவது.

பிறகு 10 மீட்டரில், பெரிய தாளில் தொடங்குங்கள். ஒரு தடவைக்கு ஆறு அம்பு. கைதவறிப் போன ஒன்றைக் கணக்கில் எடுக்காதீர்கள், மற்றவை கூடிய இடத்தின் நடுவைப் பாருங்கள். முதலில் உயரத்தைச் சரிசெய்து, அப்புறம் பக்கவாட்டுக்கு வருவது என் வழக்கம். ஒரே நேரத்தில் இரண்டையும் திருகினால், கடைசியில் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.

10 மீட்டர் சரியானதும் 18, 30, 50, 70 என்று பின்வாங்குங்கள். ஒவ்வொரு தொலைவுக்கும் சைட் கொஞ்சம் கீழே இறங்கும். ஒரேயடியாக 70க்குத் தாவி, தோராயமாகக் கீழே இறக்கி எய்யாதீர்கள். சைட் தேவைக்கு மேல் இறங்கிவிட்டால் அம்பு பலகைக்கு மேலே பறந்துபோகும். சந்தேகம் இருந்தால் சைட்டைச் சற்று உயரத்திலேயே வைத்துத் தொடங்குங்கள். அம்பு தரையில் குத்தினால் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு தொலைவுக்கும் சைட்டின் அளவுகோல் காட்டும் எண்ணை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். 30, 50க்கு எண் கிடைத்துவிட்டால் 40க்கு நடுவில் வைத்து ஊகிக்கலாம், பெரிய பிசகு வராது.

5 மீட்டரில் எய்தால் 18 மீட்டர் அளவுக்கு வைத்த சைட்டிலேயே கிட்டத்தட்ட சரியாக விழுகிறது, ஆனால் 10 மீட்டரில் மேலே போகிறது. வில் கெட்டுவிட்டதா?

வில் நன்றாக இருக்கிறது. அம்பு உங்கள் கண்ணிலிருந்து கிளம்புவதில்லை, தாடைக்குக் கீழிருந்து கிளம்புகிறது. கண்ணுக்குச் சுமார் 12 செ.மீ. கீழே. 5 மீட்டருக்குள் அந்த 12 செ.மீ. மேலேறிப் பார்வைக்கோட்டைத் தொட வேண்டும் என்றால் அம்பைக் கணிசமாகத் தூக்கியாக வேண்டும். அதற்கு சைட் கீழே இருக்க வேண்டும். தூரம் கூடக் கூட இந்தக் கட்டாயம் குறைகிறது, பூமியின் ஈர்ப்பு அம்பை இழுப்பது அதிகமாகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில்தான் சைட் மிக உயரத்தில் நிற்கும். நான் மேலே சொன்ன ரிகர்வ் வேகத்துக்கு அது 8, 9 மீட்டரில் வருகிறது. அதற்கு முன்னாலும் சைட் இறங்கும், பின்னாலும் இறங்கும். 5 மீட்டருக்குச் சரியான எண் ஏறக்குறைய 14, 15 மீட்டருக்கானதே.

வேகமான காம்பவுண்டில் இது இன்னும் வினோதமாக இருக்கும். 5 மீட்டரில் வைத்த தாளுக்கு 35, 40 மீட்டர் எண்ணை வைக்க வேண்டிவரும். மலையிலும் காட்டிலும் நடக்கும் ஃபீல்டு போட்டிகளில் கிட்டத்து டார்கெட்டுக்குப் புதியவர்கள் புள்ளியைக் கோட்டைவிடுவது இதனால்தான். ஆகவே வீட்டு மாடியில் 5 மீட்டரில் சைட்டைச் சரிசெய்துகொண்டு போய் மைதானத்தில் நிற்காதீர்கள்.

70 மீட்டருக்கு இறக்கினால் சைட் கடைசிவரை போய்விடுகிறது, அம்பின் இறகுகூட உரசுகிறது. என்ன செய்வது?

இழுவிசை குறைந்த வில் வைத்திருக்கும் இளையவர்களுக்கு வழக்கமாக வரும் சிக்கல். சைட் பட்டையை முகத்துக்குக் கிட்ட இழுங்கள். அதே கோணத்துக்குக் கிட்டத்தில் குறைந்த இறக்கமே போதும். எடை குறைந்த அம்பு அடுத்த வழி. கை அமரும் இடத்தைத் தாடைக்குக் கீழே இன்னும் சற்று இறக்கினாலும் சைட் மேலே ஏறும், ஆனால் அது உடல் பழக்கத்தையே மாற்றுவது. பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டாம். இதெல்லாம் பண்ணியும் எட்டவில்லை என்றால் 50 மீட்டரிலேயே இன்னும் ஒரு சீசன் எய்யுங்கள். அவசரப்பட்டு லிம்பின் (வில்லின் வளையும் கரம்) பவுண்டை, அதாவது இழுவிசையை, ஏற்றித் தோளைக் கெடுத்துக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

பட்டையை முழுக்க நீட்டி வைப்பது நல்லதா?

நீட்டினால் நுணுக்கம் கூடும், பிழையும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், கூடவே கை நடுக்கமும். வில்லின் முன்பக்க எடையும் மாறும். 9 அங்குலப் பட்டையை நடுவில் வைத்துத் தொடங்குவது பாதுகாப்பான வழி. ஒன்றை மறக்காதீர்கள்: பட்டையின் நீளத்தை மாற்றிய அன்றே பழைய எண்கள் அத்தனையும் செல்லாது.

பக்கவாட்டில் ஓரத்துக்கே போய்விட்டது. இன்னும் இடப்பக்கம் போகிறது.

இனி சைட்டைத் தொடாதீர்கள். வலது கை வில்லில் அம்புகள் விடாமல் இடப்பக்கம் போனால், அம்பு தேவைக்கு மேல் விறைப்பாக இருக்கலாம்; வலப்பக்கம் போனால் தேவைக்கு மேல் வளையக்கூடியதாக இருக்கலாம். இடது கைக்கு அப்படியே மாறும். நாணுக்கு நேராக அம்பு நிற்கும் நடுநிலை, அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் பட்டன் ஸ்பிரிங்கின் இறுக்கம் இரண்டையும் பாருங்கள். நன்கு இசைந்த வில்லில் பின் அம்பின் நேர்கோட்டை ஒட்டியே நிற்கும்.

வில் சாய்வையும் சோதியுங்கள். தினமும் ஒரே அளவு சாய்கிறவர் 30 மீட்டரில் சைட்டை நகர்த்தி அதைச் சமாளித்துவிடலாம். ஆனால் 70க்குப் போனதும் மறுபடி விலகும். தொலைவு மாற மாறப் பக்கவாட்டு எண்ணும் மாறிக்கொண்டே போனால் சந்தேகம் முதலில் சாய்வின்மேல் விழட்டும்.

காம்பவுண்டுக்கு எந்த லென்ஸ், எந்த பீப்?

2023 ஆகஸ்டில் பெர்லின் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஜோதி சுரேகா, பர்னீத் கவுர், அதிதி சுவாமி மூவரும் காம்பவுண்ட் குழுப் பிரிவில் இந்தியாவின் முதல் உலகச் சாம்பியன்ஷிப் தங்கத்தை வென்றார்கள். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்புக் குழுப் போட்டியும் சேர்ந்திருக்கிறது. இந்தக் கேள்வி அதிகமாக வருவதில் ஆச்சரியமில்லை.

புதியவர்கள் பெரிதாகக் காட்டும் லென்ஸைத்தான் முதலில் கேட்பார்கள். டார்கெட் பெரிதாகும், கூடவே ஒவ்வொரு அசைவும் பெரிதாகும். புள்ளி ஓடுவதைப் பார்த்துப் பயந்து, நடுவைத் தொடும் நொடியில் ரிலீஸை (நாணை விடுவிக்கும் கைக்கருவி) அமுக்குகிற பழக்கம் வந்துவிடும். அதை விரட்டுவது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. 0.5 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) போதும். கடைகளில் 4 மடங்கு என்று விற்பது இதைத்தான்.

பீப் துளை ஸ்கோப்பின் வெளிவளையத்தைவிட ஒரு நூல் பெரிதாகத் தெரிய வேண்டும். இரண்டு வட்டங்களும் ஒன்றுக்குள் ஒன்று நடுவாக அமர்ந்தால் முகம் சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். துளை சிறியதானால் கூர்மை கூடும், மாலை வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. லென்ஸால் டார்கெட் மங்கினால் பீப்பில் கிளாரிஃபையர் என்ற சிறு லென்ஸ் வையுங்கள். டார்கெட் தெளிவாக இருந்து பின் மட்டும் மங்கினால் வெரிஃபையர். இரண்டையும் மாற்றி வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் ஏராளம்.

முதல், இரண்டாம், மூன்றாம் அச்சு என்கிறார்கள். எல்லாம் அவசியமா?

முதல் அச்சு என்றால் சைட்டின் நிற்கும் தண்டு நாணுக்கு இணையாக இருப்பது. அது சாய்ந்திருந்தால் சைட்டை இறக்க இறக்க அம்பு பக்கத்துக்கு நழுவும். இரண்டாம் அச்சு, ஸ்கோப்பின் குமிழி அந்தத் தண்டுக்குச் செங்குத்தாக இருப்பது. நாண் செங்குத்தாக நிற்குமாறு வில்லை ஒரு பிடிப்பானில் கவ்விவைத்து, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தால் தண்டை நேராக்கி, அப்போது ஸ்கோப் குமிழியும் நடுவில் நிற்குமாறு திருகினால் இந்த இரண்டும் முடிந்தது. சமதளத்தில் 50 மீட்டர் மட்டும் எய்கிறவருக்கு இதுவே போதும்.

மூன்றாம் அச்சு மேட்டிலும் பள்ளத்திலும் எய்கிறவர்களுக்கு. ஸ்கோப்பின் முகம் கதவு திறப்பதுபோல உங்கள் பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருந்தால் சமதளத்தில் தெரியாது. வில்லை மேலே கீழே சாய்த்ததும் குமிழி பொய் சொல்லும். சுவரில் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். சைட் தண்டு அந்த நூலோடு ஒட்டி நிற்குமாறு பிடித்துக்கொண்டே வில்லை 30, 40 டிகிரி கீழ்நோக்கி இறக்குங்கள், பிறகு மேல்நோக்கி ஏற்றுங்கள். இரண்டிலும் குமிழி நடுவில் இருக்க வேண்டும். ஒருபக்கம் ஓடினால் ஸ்கோப்பின் கீலைச் சிறிது திருப்பி மறுபடி பாருங்கள்.

மேட்டை நோக்கி எய்தால் சைட்டை இறக்க வேண்டுமா, ஏற்ற வேண்டுமா?

மேடானாலும் பள்ளமானாலும் ஏற்ற வேண்டும், அதாவது குறைந்த தொலைவின் எண். ஈர்ப்புக்குக் கணக்கு கிடைத்தளத் தூரம் மட்டுமே. 30 டிகிரி சரிவில் 40 மீட்டர் என்றால் 34.6 மீட்டருக்கு எய்வதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

காற்றடித்தால் சைட்டைத் திருகலாமா?

ஒரே சீராக ஒரு பக்கமிருந்து வீசுகிற காற்றென்றால் திருகலாம். விட்டு விட்டு வீசினால் வேண்டாம், வளையத்தை நடுவிலிருந்து காற்று வரும் பக்கமாகச் சற்று நகர்த்திவைத்து எய்யுங்கள். காற்று நின்ற நொடியில் திருகிய சைட் உங்களைக் கவிழ்த்துவிடும்.

நேற்று நடுவில் விழுந்தது, இன்று எல்லாம் கீழே. ஒன்றையும் தொடவில்லையே?

நீங்கள் தொடவில்லை, வில் அதிர்ந்திருக்கிறது. முதலில் திருகுகளைப் பாருங்கள். எல்லாத் திருகின் தலையிலும் பக்கத்து உலோகத்திலும் சேர்த்து மெல்லிய பெயின்ட் கோடு ஒன்று போட்டுவைத்தால், நழுவியது பார்த்தவுடன் தெரியும். அடுத்து நாண். புது நாண் நெகிழ்ந்தால் ரைசருக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி குறையும், எண் மாறும். நாணில் அம்பு மாட்டும் இடம் நழுவியிருக்கலாம். காம்பவுண்டானால் பீப் மேலே கீழே நகர்ந்திருக்கலாம். மழையில் நனைந்த நாண் கனத்து அம்பை மெதுவாக்கும். இவை எதுவும் இல்லை என்றால் களைப்பு. கிளிக்கர் (முழுதாக இழுத்ததும் ஒலி தரும் தகடு) இல்லாமல் எய்கிறவர் மாலையில் ஒரு விரல்கடை குறைவாக இழுப்பார், அம்பு கீழே விழும். அன்று சைட்டை இறக்கிவிட்டுப் போனால் மறுநாள் காலை எல்லாம் மேலே போகும்.

கண் வளையத்தைப் பார்க்க வேண்டுமா, டார்கெட்டையா?

டார்கெட்டை. வளையம் மங்கலாகத் தெரிவதில் தவறில்லை. 10 மி.மீ. வளையத்தில் 70 மீட்டர் தாளின் மஞ்சள், சிவப்பு, நீலம் வரை தெரியும். கண் தானாகவே வட்டத்துக்குள் வட்டத்தை நடுப்படுத்திவிடும். சின்னப் புள்ளி வைத்தவர்கள் அந்தப் புள்ளியையே முறைத்துப் பார்த்து உறைந்துபோவது உண்டு. முற்போக்கு லென்ஸ் கண்ணாடி அணிகிறவர்கள் வில்வித்தைக்கென்று ஒரே பவரில் தனிக் கண்ணாடி செய்துகொள்வது நல்லது. முகத்தைத் திருப்பிப் பார்க்கும்போது பார்வை கண்ணாடியின் ஓரத்தில் விழுகிறது, அங்கே பவர் வேறு.

பழைய சைட் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பூட்டுத் திருகை இறுக்கிவிட்டு வளையம் மாட்டும் முனையை விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். திருகை ஒரு பக்கமாக ஐந்து கிளிக், மறுபக்கமாக ஐந்து கிளிக் திருப்பினால் பழைய எண்ணுக்கே வர வேண்டும். ஷிபுயா, ஆக்ஸெல் போன்ற பெயர்பெற்றவற்றுக்கு உதிரித் திருகும் தண்டும் கிடைக்கும், பெயரில்லாத சைட்டுக்குக் கிடைப்பது சிரமம். ஸ்கோப் தண்டின் மரை 8-32ஆ, 10-32ஆ என்று கேட்டுவிடுங்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது.